உள்ளே விட்ட துணி

ஏப்ரல் 8

திருவனந்தபுரத்து டாக்டரம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். மகனுக்குக் காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டான், வலி வந்ததா, மாத்திரை கொடுத்தோமா, எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டுமாம். நூல் கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

காய்ச்சல் 99. இட்லி இரண்டு வைத்தேன். ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துச் சட்னிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறான். யாரிடம்?

போன வருடம் பந்து விளையாடிவிட்டு வந்து கால் வலிக்கிறது என்றான். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தேன். தொடை எலும்பில் கட்டி. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்து மறுபடி கொட்டியது. இப்போது நுரையீரலிலும் இருக்கிறதாம். நேற்று டாக்டரம்மா, "இனி மருந்து வேண்டா. வீட்டில வச்சு நல்லாப் பாத்துக்கோங்க" என்று மலையாளம் மணக்கிற தமிழில் சொன்னார். அதைக் கேட்டதும் இவர், என் வீட்டுக்காரர் வேலாயுதம், எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஆம்பளைகளுக்கு ஒரு பேச்சைக் கடைசி வரை கேட்கப் பொறுமை கிடையாது.

எனக்குப் புரிந்தது இதுதான். மருந்து பிள்ளையின் உடம்பை அடித்துப் போட்டுவிட்டது. வீட்டுச் சாப்பாட்டில் தேற்றிக்கொண்டு போனால் மறுபடி ஆரம்பிப்பார்கள். அதுவரை மருந்துக்கு லீவு. கோமதிநாயகத்திடமும் அப்படியே சொன்னேன். "சரிம்மா" என்றான். பதினாறு வயதுப் பையன் எதிர்த்துப் பேசாமல் சரி என்று சொன்னால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஏப்ரல் 9

காய்ச்சல் இல்லை. கஞ்சி அரை டம்ளர். வலி மாத்திரை இரண்டு வேளை.

கடையைத் திறந்துவிட்டேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு படி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி கட்டுக்கட்டாக வந்து கிடக்கிறது. தென்காசியில் இந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு வருடம். செல்லக்கனி, "அக்கா, நீங்க வீட்டுல இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாள். என்னிடம் தையல் கற்றுக்கொண்டு என்னோடேயே தங்கிவிட்டவள், நல்லவள்தான். ஆனால் வீட்டில் இருந்து நான் என்ன செய்ய? அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவனுக்குப் பிடிக்காது, எனக்குக் கால் தரிக்காது. தைக்கிறேன், எழுந்து போய்ப் பார்க்கிறேன், வந்து தைக்கிறேன். இன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11

ஒரு வேலை செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவனுடைய பேன்ட் நிற்க மாட்டேன் என்கிறது. பெல்ட்டில் கடைசி ஓட்டை வரை போயாயிற்று. ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போகிறான். லுங்கி கட்ட மாட்டான். லுங்கி விலகினால் தொடையில் உள்ள ஆபரேஷன் தழும்பு தெரியும், அதைவிட, லுங்கி கட்டினால் நோயாளி மாதிரி இருக்குமாம். மதியம் மாத்திரை போட்டுத் தூங்கினான். அந்த நேரத்தில் கருநீலப் பேன்டை எடுத்துப் போய் இரண்டு பக்கமும் பின்பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டேன். தேய்த்து மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

சாயங்காலம் போட்டுக்கொண்டு வந்தான். "எம்மா, பேன்ட் நல்லா நிக்கு" என்றான்.

"வீட்டுச் சாப்பாடு உடம்புல ஒட்டுதுல்லா" என்றேன்.

"ஓ" என்றான்.

மிச்சத் துணியை வெட்டவில்லை, உள்ளேயே மடித்து விட்டிருக்கிறேன். யார் துணியாக இருந்தாலும் நான் அப்படித்தான். வெட்டினால் வெட்டினதுதான், ஒட்டவா முடியும். உள்ளே இருந்தால் உடம்பு தேறியதும் பிரித்துவிடலாம்.

நாளைக்குச் சட்டைகளையும் பிடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 14, சித்திரை விசு

விடிந்ததும் கனி காண வேண்டும். மாம்பழம், வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, என் செயின், எல்லாம் தாம்பாளத்தில் வைத்தேன். பின்னால் கண்ணாடி வைப்பதுதான் வழக்கம். கனியையும் பார்த்துத் தன் முகத்தையும் பார்க்க வேண்டும். "கண்ணாடி வேண்டாம் புஷ்பம்" என்றார் இவர். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை ஏற்கெனவே பாத்ரூமிலிருந்து கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன், கடைக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி.

கண்ணைப் பொத்திக் கூட்டி வந்தோம். திறந்து பார்த்தான்.

"கண்ணாடி எங்கம்மா?"

"உடைஞ்சிருச்சு ஐயா."

"வீட்டுல உள்ள எல்லாக் கண்ணாடியுமா?"

இவர் அப்பளம் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார். விடிகாலையில் எந்தக் கடை திறந்திருக்கும்? நாயகம் போனை எடுத்தான், போட்டோ பிடிக்கிற மாதிரி முகத்துக்கு நேரே பிடித்தான், கொஞ்ச நேரம் பார்த்தான். தலையில் ஒரு கொன்றைப்பூவை வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "பாத்தாச்சு. நல்ல வருசம்" என்றான்.

பாயசம் இரண்டு கரண்டி. காய்ச்சல் பார்க்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18

அண்ணன் போன் செய்தான். என் கூடப் பிறந்தவன், சண்முகவேல், திருநெல்வேலியில் டயர் வியாபாரம். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மருந்து வந்திருக்கிறதாம், யாரோ ஒரு பெரிய மனிதரின் மருமகனுக்குக் கேட்டதாம். "நீ ஒண்ணும் யோசிக்காத. ரிப்போர்ட்ட அனுப்பு, மத்தத நான் பாக்கேன்" என்றான். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "அவன்ட்ட ஒரு வார்த்த கேப்போம்" என்றார். பிள்ளையிடம் கேட்டா மருந்து கொடுப்பார்கள்? தடுப்பூசி போடும்போது கேட்டோமா?

ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தேன். தேதி எதுவும் முடிவாகவில்லை, ஆனாலும் நாலு சட்டை மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 23

இவர் வேலை அரிசி ஆலைக்குப் பக்கத்தில் உள்ள எடைமேடையில். லாரியை ஏற்றி நிறுத்தினால் இத்தனை டன் என்று சீட்டுக் கொடுப்பவர். ஒரு மூட்டை கூடக் குறைய எழுத மாட்டார், அதற்காக அடி வாங்கியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதர் செய்த வேலையை இன்று பார்த்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் நாயகம் எடை மெஷினில் ஏறி நிற்பான். முள் நேற்றும் அதே இடத்தில்தான் நின்றது. "குறையலியே" என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்று கூட்டும்போது மெஷினைத் தள்ளி வைத்தேன். மேலே யாரும் இல்லை, முள் எட்டில் நிற்கிறது. ஏறாமலே எட்டுக் கிலோ.

வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஊர் லாரிக்கெல்லாம் சரியா எடை போடுதீங்க, பெத்த பிள்ளைய ஏமாத்துதீங்களா? அவனுக்கு உண்மை தெரிய வேண்டாமா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பிப் பார்க்காமல், "நீ பேன்ட்டப் பிடிச்சுத் தைக்க. நான் முள்ளத் தள்ளி வைக்கேன். யாரு யாரச் சொல்ல?" என்றார்.

இவருக்கு எப்படித் தெரிந்தது?

ஏப்ரல் 24

இவரோடு பேசவில்லை. முள்ளைத் திருப்பி வைக்கவும் இல்லை.

மே 2

காய்ச்சல் 100. இளநீர், அரை தோசை. இருமல் அதிகம்.

கடையில் கூட்டம். வருகிற தாய்மார்கள் எல்லாம் ஒரே பாட்டுதான். "அக்கா, வளருத பிள்ள, உள்ள துணி விட்டுத் தைங்க." நானும் பதினாறு வருடமாக அதைக் கேட்டுத்தான் தைக்கிறேன். இன்று ஒருத்தி, "போன வருசம் தச்சது முட்டிக்கு மேல ஏறிட்டு, எங்க போய்ச் சொல்ல, வாழக்கன்னு மாதிரி வளருதான்" என்று அலுத்துக்கொண்டாள். துணியை வாங்கி மேசையில் கொஞ்சம் பலமாகவே போட்டேன். செல்லக்கனி ஓடி வந்து அவளுக்கு அளவு எடுத்தாள். அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள், பாவம்.

மதியம் நாயகம் தானாகவே படி இறங்கிக் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, "என்னமாவது குடும்மா, பிரிக்கேன்" என்றான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது கைவந்த வேலை. பழைய தையலில் பிளேடை விட்டுத் துணியில் கீறல் விழாமல் சர்ரென்று பிரித்துவிடுவான். கடை போர்டில் அவன் பேர்தான், நாயகம் டெய்லர்ஸ், அவன் பிறந்த வருடம் ஆரம்பித்தது. இரண்டு பேன்ட் பிரித்துக் கொடுத்தான். மூன்றாவதைப் பாதியிலேயே வைத்துவிட்டான். எழுந்தபோது இடுப்பைத் தடவிக்கொண்டான்.

மே 6

இடுப்பில் சிவப்பாக வரி வரியாக இருக்கிறது. வேர்க்குரு. வெயில் அப்படி. பவுடர் போட்டேன்.

மே 8

வேர்க்குரு குறையவில்லை. சோப்புத்தூளை மாற்றினேன். அண்ணன் பேசினான், பெங்களூரில் இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி வரச் சொல்லிவிட்டார்களாம். நல்ல செய்தி.

மே 9

சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற ஜெயசீலி சிஸ்டர் வந்தார்கள். வலி மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். அவனுடைய இடுப்பைப் பார்த்துவிட்டு, பேன்டின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார்கள்.

"இது வேர்க்குரு இல்லம்மா. இதுக்குள்ள இவ்வளவு துணி மடிச்சிருக்கு பாருங்க, அது எலும்புல உரசுது. புண்ணாயிட்டுன்னா ஆறாது. லூசா லுங்கி கட்டி விடுங்க."

"லுங்கி வேண்டாம் சிஸ்டர்" என்றான் அவன். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

நான் டீ போடப் போய்விட்டேன்.

மே 10

யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உரசுகிற இடத்தில் மெத்தென்று பாப்ளின் துணியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். மடிப்பும் வெளியே தெரியாது, துணியையும் வெட்ட வேண்டாம். செல்லக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, தடிமனாயிருமேன்னு பாத்தேன்" என்றாள். எனக்கே பாடம் சொல்லித் தருகிறாள்.

மே 11

தடிமனாகத்தான் இருக்கிறது.

மே 13

இதை எழுதலாமா என்று மூன்று தடவை பேனாவை மூடி வைத்தேன்.

மதியம், "எம்மா, கொஞ்சம் இங்கன வா" என்று கூப்பிட்டான். இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தப் பேன்ட், உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டபடி.

"இது பழைய நூலு, வெளுத்துப் போயிருக்கு. இது புது நூலு, பளபளங்கு. பிரிக்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா? மொத நாளே தெரியும்மா."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானல?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்லுத. குறுக்கப் பேசலாமா?" என்று சிரித்தான். "அப்பா மெஷினுந்தான். நான் ஏறுனா எப்பவும் அதே எடை, செல்லக்கனி அக்கா ஏறுனா மட்டும் எட்டு கிலோ கூடுது. அந்த அக்கா ரெண்டு நாளா ராத்திரி சாப்பிடலியாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேன்டை என்னிடம் நீட்டினான்.

"உள்ள கெடக்க துணிய வெட்டிரும்மா. உறுத்துது."

"வெட்டக் கூடாது. உடம்பு தேறினா பிரிக்கணும்லா."

"எம்மா."

"மருந்துக்கு லீவு விட்டிருக்கு. அவ்வளவுதான். லீவு முடிஞ்சா..."

"லீவு இல்லம்மா. டி.சி. குடுத்துட்டாவ."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமி முடிக்கிற வரை முதுகைத் தடவினேன். முடித்ததும் பேன்டைப் பிடுங்கிக்கொண்டு, "வாய மூடுல" என்று கத்தினேன். முன்பக்கம் செல்லக்கனியின் மெஷின் நின்றது. நோயாளிப் பிள்ளையை இப்படிக் கத்துகிறாளே என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

அவன் பயப்படவில்லை. மெதுவாகச் சொன்னான்: "எனக்குப் பெங்களூரு வேண்டாம்மா. ஸ்கூலு தொறக்க அன்னைக்கு போகணும். பிளஸ் டூ கிளாஸ்ல ஒரு நாள் உக்காரணும். அதுக்கு ஒரு சட்ட தச்சுக் குடு. அளவா."

"அளவான்னா? எப்பவும் அளவாத்தான தைக்கேன்."

"பொறந்ததுல இருந்து நான் அளவா ஒரு சட்ட போட்டதில்ல. ஊருக்கெல்லாம் ஃபிட்டிங்கா குடுக்க. எனக்கு மட்டும் அடுத்த வருசத்துக்குத் தைக்க. டெய்லர் மவன் ஹேங்கர்ல தொங்குதான்னு பரமு கேலி பண்ணுவான்."

பரமு அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறவன். அவன் கேலி செய்தது எனக்குத் தெரியாது. நான் எழுந்து கடைக்கு வந்துவிட்டேன். அந்தப் பேன்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எதற்குப் பூட்டினேன் என்று தெரியவில்லை.

மே 14

வேறொரு பேன்ட் போட்டிருக்கிறான். அதிலும் நான் பிடித்து, பாப்ளின் வைத்திருக்கிறேன்.

மே 17

பெட்டி கட்டியாயிற்று. ரிப்போர்ட், மாத்திரை, பிளாஸ்க், போர்வை, ஊறுகாய். ஊறுகாய் எதற்கு என்கிறார் இவர். பெங்களூரில் நம் சாப்பாடு கிடைக்குமா?

"புஷ்பம், அவன் வேண்டாம்னு சொல்லுதான்" என்றார்.

"நீங்க வேணும்னு சொல்லுங்க."

"நானும் வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"அப்ப நான் ஒருத்திதான் அவனுக்கு இருக்கேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் சாப்பிடாமல் எடைமேடைக்குப் போய்விட்டார்.

நாயகத்தின் காய்ச்சல் 101. ரசம் சாதம் நாலு வாய்.

மே 18

காலையில் அண்ணன் கார் கொண்டு வந்துவிட்டான். திருநெல்வேலி போய் அங்கிருந்து ரயில். நாயகத்தைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிப் பின் சீட்டில் வைத்தான். தூக்கியதும் அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆனதைப் பார்த்தேன். இவ்வளவு லேசாக இருப்பான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டான். "மருமவனே, பெங்களூர்ல கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், மேட்ச் பாப்போம்" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தான்.

நானும் நாயகமும் பின்னால். இவர் முன்னால். ஊரைத் தாண்டியதும் நாயகம் ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்தான். வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், கையால் தொங்கி இடுப்பைச் சீட்டிலிருந்து தூக்கிப் பிடித்திருக்கிறான். களைத்ததும் உட்காருகிறான், பல்லைக் கடிக்கிறான், மறுபடி தூக்குகிறான். ஒரு சத்தம் இல்லை. மாமா சொல்லும் கதைக்கு "ம்" மட்டும் கொட்டுகிறான்.

சாலையில் ஒரு மேடு வந்தது. என்னை அறியாமல் என் கையை அவனுக்கு அடியில் கொடுத்தேன். இடுப்பெலும்பு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எலும்புக்கும் என் கைக்கும் நடுவில் மடிப்பு, மடிப்புக்கு மேல் பாப்ளின். எல்லாம் என் தையல். கெட்டித் தையல் வேறு, பிரியவே பிரியாது.

இவ்வளவு நாளும் இதன் மேல்தான் அவன் படுத்திருந்தான்.

"அண்ணே, வண்டியத் திருப்பு."

"என்னத்தையும் மறந்துட்டியா?"

"ஆமா."

"என்னத்த? அங்க போய் வாங்கிக்கிடலாம்."

"திருப்புண்ணே. நாங்க வரல."

பாவூர்சத்திரம்கூடத் தாண்டவில்லை. அண்ணன் ஓரமாக நிறுத்திவிட்டு என்னென்னவோ சொன்னான். கோபப்பட்டான். பிறகு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அவன் கொண்டு வந்ததும் பாசம்தான். இவர் முன் சீட்டிலிருந்து கையைப் பின்னால் விட்டு நாயகத்தின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை விடவில்லை.

வந்ததும் அவனை மெத்தையில் படுக்க வைத்து, பேன்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அலமாரியில் பூட்டியதையும் எடுத்தேன். பெரிய கத்தரியை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தினமும் மீட்டர் மீட்டராகத் துணி வெட்டுகிற கை. செல்லக்கனி, "குடுங்கக்கா, நான் வெட்டுதேன்" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பாப்ளினைப் பிரித்தேன். பிறகு மடிப்பை வெட்டினேன். இடது பக்கம், வலது பக்கம், பின்பக்கம். துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. அழுதேன். வாய்விட்டே அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம். துணி வாங்க வந்த ஒரு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஓரத்தை மெல்லிசாக அடித்து, இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

போட்டுவிட்டேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். சாய்ந்தான். கண்ணை மூடினான்.

"எப்படி இருக்கு?"

"துணி போட்டிருக்கதே தெரியலம்மா."

மே 19

எல்லாப் பேன்டையும் சட்டையையும் வெட்டி முடித்தேன். இவர் எடை மெஷினின் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு, மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கண்ணாடியை நான் பாத்ரூமில் மாட்டினேன். நாயகம் பார்த்துவிட்டு, "உடைஞ்ச கண்ணாடி ஒட்டிருச்சு போல" என்றான். அவனுக்கு வாய் குறையவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 23

இடுப்பில் புண் காய்ந்து வருகிறது. காய்ச்சல் 100. மாம்பழம் ஒரு துண்டு.

அண்ணன் வந்திருந்தான். நாயகத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் போனில் பழைய மேட்ச் பார்த்தார்கள். போகும்போது அந்த ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மே 30

யூனிஃபார்ம் சட்டைக்கு இன்று அளவெடுத்தேன். இத்தனை மாதமாக அவன் மேல் டேப்பை வைக்காமல் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்லக்கனி எழுதினாள்.

தோள் அளந்தேன். மார்பு அளந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருகிற அளவு. வாய்விட்டுச் சொன்னேன், குரல் நன்றாகத்தான் வந்தது. சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில், "ரெண்டு இஞ்சு சேத்துக்கோட்டி" என்றேன். எந்தப் பிள்ளைக்கு அளவெடுத்தாலும் கடைசியில் அதைத்தான் சொல்வேன்.

செல்லக்கனி எழுதாமல் என்னைப் பார்த்தாள். நாயகமும் பார்த்தான்.

"சேக்காத" என்றேன்.

ஜூன் 1

வெட்டினேன். தைக்கும்போது கால் தானாக நின்று நின்று ஓடியது. காலரைப் பிரித்து இரண்டாம் தடவை தைத்தேன். இவ்வளவு நிதானமாக எந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கும் தைத்ததில்லை.

ஜூன் 4

மூச்சு வாங்குகிறது. ஜெயசீலி சிஸ்டர் வந்தார்கள். ஸ்கூலுக்கா என்று கேட்டார்கள். "ஒரு மணி நேரம்னா பரவாயில்ல, வலி மாத்திரை குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று அவர்களே சொன்னார்கள். நான் சண்டை போடத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை.

திறக்கும் தேதி ஒன்பது. அதுவரை, அதுவரை என்று மனது அடித்துக்கொள்கிறது. கோமதியம்மாளுக்கு நேர்ந்துகொண்டேன். என்ன நேர்ந்துகொண்டேன் என்பதை எழுத மாட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 7

காய்ச்சல் 102. வியர்வை. சாப்பாடு இல்லை. சட்டை ஆணியில் தொங்குகிறது. படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 8

99. மோர் ஒரு டம்ளர். ஒரு டம்ளர் முழுசும்.

ஜூன் 9

போனோம்.

குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சட்டையைப் போட்டுவிட்டேன். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. எங்கும் தொங்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவினான், முடி இருக்கிற அளவுக்கு. இவர் ஆட்டோ பிடித்து வந்தார், ஸ்கூல் வாசலில் இறங்கினோம். பரமு கேட்டிலேயே காத்திருந்தான், தன் சைக்கிளின் பின் சீட்டில் நாயகத்தை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நானும் கூடப் போகப் பார்த்தேன். "எம்மா, நீ அங்கனயே நில்லு" என்றான். பிளஸ் டூ பையன், அம்மாவோடு வகுப்புக்குப் போவானா?

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றோம். இவர் ஒரு டீ வாங்கி, குடிக்காமல் ஆற விட்டார். நான் கேட்டுக்கும் கடைக்கும் நடந்தேன். உள்ளே போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிருந்தது என் தையல். எல்லாச் சட்டையும் ஒரு சுற்றுப் பெரிது, எல்லாக் கையும் விரல் வரை தொங்குகிறது. தைக்கும்போது தெரியவில்லை, ரோட்டில் நின்று பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. எல்லாம் நல்லா வளரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மனதாரத்தான் நினைத்தேன்.

முதல் பீரியட் முடிந்து மணி அடித்ததும் பரமு தள்ளிக்கொண்டு வந்தான். நாயகத்துக்கு உதடு வெளுத்து, மூச்சு மேலே மேலே வாங்கியது. ஆட்டோவில் என் மேல் சாய்ந்துகொண்டான். பேச வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

"எம்மா. பரமு கேட்டான், சட்ட ரெடிமேடான்னு."

"ரெடிமேடாமா? அவனுக்குக் கண்ணு இருக்கா?"

"எங்கம்மா தச்சதுன்னேன். நம்பல. உங்கம்மா இப்படித் தைக்க மாட்டாவளேன்னான்."

வீட்டுக்கு வந்ததும் படுக்க வைத்தோம். வெயிலும் புழுதியும், துவைத்துப் போடலாம் என்று சட்டையைக் கேட்டேன். கழற்ற மாட்டேன் என்றான். கசங்குமே என்றேன். கசங்கட்டும் என்றான்.

காய்ச்சல் 100. பால் அரை டம்ளர். சட்டையைப் போட்டுக்கொண்டே தூங்குகிறான்.